சில்லறைச் சுமை

கிரேன் கொக்கி நடுவானில் நின்றது. அதில் ஒரு கட்டுக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை டன். கீழே நான் நின்றுகொண்டிருந்தேன்.

நிறுத்தச் சொல்லி நான் சிக்னல் கொடுக்கவே இல்லை. "இடதுபக்கம், இடதுபக்கம், வாங்க, வாங்க" என்றுதான் வாக்கி-டாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தேன். "மாமா, ஏன் நின்னுட்டீங்க?" என்றேன். பதில் இல்லை. "மாமா!" என்று கத்தினேன். சைட்டில் எனக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். நான் கத்தினால் வாக்கி-டாக்கியே தேவையில்லை என்பார்கள். அன்றைக்கு அந்தக் கத்தலும் மேலே போய்ச் சேரவில்லை. கம்பிக்கட்டு காற்றில் மெதுவாகத் திரும்பியது. முழுசாக ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அப்புறம் கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"சொல்லு மாப்ள. இடதா, வலதா?"

அவர் என் அக்கா வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷமாக டவர் கிரேன் ஓட்டுகிறார். இருபது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், அவர். சைட்டில் அவரை 'மேல்மாடி' என்று கூப்பிடுவார்கள். மேல்மாடி காலி என்று கேலி பண்ணுகிறவர்களும் உண்டு, ஆனால் அவ்வளவு உயரத்துக்கு அது கேட்காது. மேலே இருந்து பார்த்தால் கட்டடத்தின் மறுபக்கம் அவருக்குத் தெரியாது. அதனால் நான் கீழே நின்று சொல்லுவேன், அவர் தூக்குவார், இறக்குவார். அவருக்குக் கண் நான். என் தலை அவர் கையில். பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒரு கீறல் கிடையாது.

கம்பியை இறக்கி வைத்ததும் நான் நேராகப் பாதுகாப்புப் பொறியாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கையுறையைக்கூடக் கழற்றாமல் போய்ச் சொன்னேன்.

கம்பெனி டாக்டர் பரிசோதித்தார். மூன்று மாத சர்க்கரைச் சராசரி ஒன்பது புள்ளி எட்டு. மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். "தலை சுத்துமா? கண் இருட்டுமா?" என்று டாக்டர் கேட்டார். "கண்ல தூசி விழுந்துச்சு சார், அவ்வளவுதான்" என்றார் மாமா. டாக்டர் படிவத்தில் 'இல்லை' என்று எழுதினார். மாத்திரை கொடுத்தார். நாலு மாதம் கெடு வைத்தார். அதற்குள் ஏழரைக்குக் கீழே வந்தால் திரும்ப ஏறலாம். வராவிட்டால் கிரேன் அனுமதி ரத்து. அப்புறம் ஆயுசுக்கும் தரைதான்.

"ஆயுசுக்குமா?" என்று மாமா இரண்டு தடவை கேட்டார்.

வீட்டில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவன் செய்யற வேலையாடா இது? மொதல்ல அவர்கிட்ட கேக்க மாட்டியா? போட்டுக்குடுத்துட்டு வந்து நிக்கிற!"

"அக்கா, கம்பி என் தலைக்கு மேல தொங்குச்சு. உன் தலைக்கு மேல இல்ல."

"வாயப் பாரு."

மாமா பாட்டுக்குச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.

அவரை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். வருகிற லாரிகளைப் பார்த்து, சரக்கைச் சரிபார்த்து, கையெழுத்துப் போடுகிற வேலை. தரையில் அந்த மனுஷனைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டார். எழுவார், வாசலுக்கு வருவார், அண்ணாந்து பார்ப்பார், திரும்பப் போய் உட்காருவார். மேலே மோட்டார் சத்தம் கேட்டால் போதும், அவர் வலதுகை தானாகத் தொடையின் மேல் ஒரு கைப்பிடியைத் தள்ளுவது மாதிரி அசையும். அவருக்குப் பதிலாக வந்தவனுக்குப் புயல் என்று நான் பேர் வைத்தேன். எதையும் அவசர அவசரமாகச் செய்கிறவன். "பாரு, பாரு, சுத்தறத நிறுத்தாமலே இறக்கறான் பாரு! ஊஞ்சலாடுது சுமை! இவனுக்கெல்லாம் யாருடா அனுமதி குடுத்தது?" என்று மாமா கீழே நின்று புலம்புவார். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். புயலின் கொக்கிக்குக் கீழே நிற்கிறவன் நான்தானே!

டாக்டர் ஒரு நியூட்ரிஷன் கோச்சிடமும் அனுப்பினார். வாரம் ஒருமுறை போக வேண்டும். மாமாவுக்கு அது பெரிய மானப்பிரச்சினை. "நான் என்ன பால்குடி மறக்காத புள்ளையா? சாப்பிடறதுக்கு ஒரு டீச்சரா?" என்றார். நான்தான் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். தனியாக விட்டால் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவார்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, எடை மெஷின், சுவரில் ஒரு கடிகாரம். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். சோத்து இன்ஸ்பெக்டர் என்று நான் மனசுக்குள் பேர் வைத்தேன். அதைச் சாப்பிடாதே, இதைத் தொடாதே என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"எதையும் நிறுத்த வேணாம் சார், இப்போதைக்கு. எழுதுங்க. எத்தன மணிக்கு, என்ன, எவ்வளவு. அவ்வளவுதான்."

மாமா முகம் மலர்ந்துவிட்டது. "எழுதறதுதானே மேடம்? இருபத்திரண்டு வருஷமா லாக் புக் எழுதறேன். ஒரு நாள் விட்டதில்ல" என்றார். போகிற வழியிலேயே ஒரு நோட்டு வாங்கி, வீட்டுக்குப் போனதும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். நேரம், பொருள், அளவு, குறிப்பு. அன்றன்றைக்குத் தூக்கிய சுமையை எழுதுகிற கிரேன் லாக் புத்தகத்தில் இருக்கிற அதே கட்டங்கள்.

அக்கா அதற்குள் அடுக்களையைக் காலி பண்ணிவிட்டாள். சர்க்கரை டப்பா, பிஸ்கட் டப்பா, எண்ணெயில் பாதி, எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. மூன்று நாள் அந்த வீட்டில் நான் டீக்குச் சர்க்கரை இல்லாமல் தவித்தேன். "உனக்கென்னடா கேடு? குடி" என்றாள்.

ஒரு மாதம் ஆயிற்று. நோட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. காலை டீ ஒன்று. பகல் ஒரு மணிக்கு ஒரு கிண்ணம் சோறு, கீரை, முட்டை. ராத்திரி இரண்டு ரொட்டி, காய். முப்பது நாளும் அதேதான், கையெழுத்துகூடக் கோணவில்லை. ஆனால் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை இறங்கவே இல்லை. எடை மெஷின் முள் அரை கிலோ கூடுதலாகத்தான் காட்டியது.

கோச் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு கொஞ்சமா சாப்பிட்டா இந்நேரம் பேன்ட் அவிழ்ந்து விழணுமே சார்" என்றார்.

"நான் பொய் எழுத மாட்டேன் மேடம்" என்றார் மாமா. உண்மையிலேயே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் லாக் புக்க எந்த இன்ஸ்பெக்டரும் தப்புன்னு சொன்னதில்ல."

மூன்று மாதம்தான் பாக்கி. எனக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. புயல் ஒரு தடவை சிமென்ட் பலகையை என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி இறக்கினான். அன்றைக்கு மத்தியானம் மனசு ஆறாமல் மாமாவைப் பார்க்க ஸ்டோருக்குப் போனேன். மணல் லாரி வர வேண்டிய நேரம் தாண்டி அரைமணி ஆகியிருந்தது. மாமா ஜன்னல் வழியாக வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடதுகை மேசை டிராயருக்குள் போயிற்று, ஒரு பிஸ்கட்டோடு வெளியே வந்தது, வாய்க்குப் போயிற்று, திரும்ப டிராயருக்குப் போயிற்று. கண் கேட்டைவிட்டு நகரவில்லை. நான் எண்ணினேன். எட்டு பிஸ்கட். அப்புறம் ஒரு மிட்டாய். அப்புறம் பாதி பன்.

"மாமா!"

திடுக்கிட்டுத் திரும்பினார். வாயோரத்தில் தூள் ஒட்டியிருந்தது.

"இதெல்லாம் நோட்டுல எங்க?"

"எதெல்லாம்?"

"இப்ப உள்ள தள்ளினீங்களே, அது!"

அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "இதுவா? இது சில்லறை மாப்ள."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் சிரிப்பு வந்தது. சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எங்கள் தொழிலில் கால் டன்னுக்குக் கீழே தூக்குவதை லாக் புத்தகத்தில் ஏற்ற மாட்டோம். ஒரு வாளி ஆணி, நாலு பலகை, ஒரு தண்ணீர் டிரம், இதெல்லாம் கணக்கில் வராது. அதற்குச் சில்லறை என்று பேர். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்தானோ, எங்களுக்குத் தெரிந்த கிரேன்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். மாமா இருபத்திரண்டு வருஷம் அதையே செய்து செய்து, சாப்பாட்டு நோட்டிலும் அதையே செய்திருக்கிறார். அவர் பொய் எழுதவில்லை. அந்த மனுஷனுக்குப் பொய் எழுத வராது.

சிரிப்பு அடங்கியதும் ஆத்திரம் வந்தது. "ஒரு மாசம் மாமா! ஒரு மாசம் வீணாப் போச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் ஸ்டோர் பூனை ஓடிவிட்டது. அன்றைக்கே பைக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு கோச்சிடம் போனேன்.

அவர் சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டார். "ஒரு நாளைக்கு எத்தன சில்லறை தூக்குவீங்க சார்? கிரேன்ல?"

"நாப்பது, அம்பது இருக்கும்."

"எல்லாத்தையும் கூட்டினா எத்தன டன்?"

மாமா விரலை மடக்கினார். நிறுத்தினார். திரும்ப மடக்கினார். "எட்டு டன்னுக்கு மேல வரும் போல இருக்கே" என்றார் மெதுவாக. "யாரும் இதக் கூட்டிப் பாத்ததில்ல மேடம்."

"இனிமே சில்லறைய மட்டும் எழுதுங்க. சோறு, ரொட்டி எல்லாம் வேணாம், அது எனக்குத் தெரியும். பக்கத்துல ஒரு கட்டம் போட்டு, வாயில போடறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு எழுதுங்க."

ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கங்களை நானும் எட்டிப் பார்த்தேன். பிஸ்கட் மூன்று, லாரிக்குக் காத்திருந்தேன். பன் ஒன்று, பொறியாளருக்குக் காத்திருந்தேன். மிட்டாய் இரண்டு, மழை நிற்கக் காத்திருந்தேன். சட்டைப்பை பிஸ்கட் ஐந்து, மனைவி குளித்துவிட்டு வரக் காத்திருந்தேன். பக்கம் பக்கமாக அதே வார்த்தை. ஒரு இடத்தில்கூடப் பசித்தது என்று எழுதவில்லை.

கிரேன் வேலை என்றால் தூக்குகிற வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி நேரம் சும்மா உட்காருகிற வேலை அது. கண்ணாடிக் கூண்டில் தனியாக, நகரவும் முடியாமல், இறங்கவும் முடியாமல். "மாமா, பத்து நிமிஷம் பொறுங்க, பலகை இன்னும் வரல" என்று எத்தனை ஆயிரம் தடவை நான் சொல்லியிருப்பேன்! அது மட்டுமா? தினமும் பத்து மணிக்குக் காலிக் கொக்கியில் ஒரு பையைக் கட்டி மேலே அனுப்புவேன். நாலு பன், ஒரு பாக்கெட் பிஸ்கட், பிளாஸ்கில் இனிப்பு டீ. மாமா மேல் உள்ள பாசம்! என் கையாலேயே அவருக்கு வியாதியைக் கட்டி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"ஏன் சார் காலைல வெறும் டீயோட நிறுத்திடறீங்க?" என்று கோச் கேட்டார்.

"பசிக்காது."

"தண்ணி?"

"தாகம் எடுக்காது."

மாமா கூரையைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. எனக்குப் பொறுமை போயிற்று. "மேடம், மேல பாத்ரூம் கிடையாது. இறங்க கால் மணி, ஏற இருபது நிமிஷம். அதான் காலைல வயிறு நிறையச் சாப்பிடவும் மாட்டாரு, தண்ணியும் குடிக்க மாட்டாரு, அந்தப் பழக்கம் கீழ வந்தும் விடல. இத ஒரு பொம்பளைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு உக்காந்திருக்காரு."

"மானத்த வாங்காதடா" என்றார் மாமா.

"இதச் சொல்ல ஒரு மாசமா சார்?" என்று கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் மூன்று பேருமே சிரித்துவிட்டோம். அந்த அறையில் மாமா சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் வந்த மாற்றங்களைச் சொன்னால் இவ்வளவுதானா என்று இருக்கும். காலையில் அக்கா இரண்டு முட்டையும் ஒரு ரொட்டியும் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்குப் போன எண்ணெய் திரும்பி வந்தது, கோச் போன் பண்ணி அக்காவிடம் சொன்னார், வீட்டில் எல்லாரும் சாப்பிடக்கூடிய சமையலாக இருந்தால்தான் நிற்கும் என்று. டிராயரில் இருந்ததை மாமாவே எடுத்து லாரி டிரைவர்களுக்குக் கொடுத்தார். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் ஒரு கைப்பிடி கடலை, உட்கார்ந்து, வேறு எதையும் பார்க்காமல் சாப்பிட வேண்டும். "கேட்டப் பாத்துட்டே சாப்பிடக் கூடாதாம்" என்று என்னிடம் முறையிட்டார். பொறியாளரிடம் நான் மல்லுக்கட்டினேன். யார் கிரேனில் இருந்தாலும் காலை ஷிப்டில் ஒரு தடவை இறங்க நேரம் ஒதுக்க வேண்டும் என்று. "வேலை பாதிக்குமே" என்றார். "ஆள் மயங்கி விழுந்தா வேலை பாதிக்காதா சார்?" என்றேன். முறைத்தார். ஆனால் கொடுத்துவிட்டார். முதலில் இறங்கி ஓடியவன் புயல்தான். அவன் அவசரத்துக்கும் அதுதான் காரணமோ என்னவோ.

நடுவில் மாமாவுக்கு வேகம் பிடித்தது. சீக்கிரம் குறைய வேண்டும் என்று மூன்று நாள் வெறும் வெள்ளரிக்காயைத் தின்றார். நாலாம் நாள் அக்கா வைத்த சோற்றுப்பானையைத் தனியாளாகக் காலி பண்ணிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் கோச்சிடம் போனபோது, அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "ஒரே இழுப்புல தூக்கப் பாத்தேன் மேடம். எங்க வேலைல அப்படித் தூக்கறவன செருப்பால அடிப்போம். மொதல்ல ஒரு அடி தூக்கி நிறுத்தணும். பிரேக் பிடிக்குதான்னு பாக்கணும். அப்புறம்தான் மேல."

"நாலு மாசத்துக்காக மட்டும் பண்ணாதீங்க சார்" என்றார் கோச். "ஏறினதுக்கு அப்புறமும் சாப்பிட்டாகணுமே."

மூன்றாவது மாதம் எண்கள் இறங்கின. நோட்டில் சில்லறை குறைந்துகொண்டே வந்தது. ஆனால் காத்திருக்கிறபோது அவர் படும் பாடு குறையவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தேய்ப்பார், மடக்குவார், பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். "வாய் சும்மா இருக்குடா. பைத்தியம் பிடிக்குது" என்பார். பார்க்கப் பாவமாக இருக்கும். கெடு நெருங்க நெருங்க அவர் அண்ணாந்து பார்ப்பதும் அதிகமாயிற்று.

கடைசி ரத்தம் கொடுக்கப் போன அன்றைக்கு நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் சும்மா புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் கோச் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'உடம்பில் தெரிந்த சில்லறைகளையும் எழுதுங்கள்.' அதற்குக் கீழே மாமாவின் எழுத்து.

போன வருஷம், கண் இருட்டியது, பத்து நொடி. மழைக்காலம், கண் இருட்டியது, கொஞ்ச நேரம். கண்ணாடிப் பலகை ஏற்றிய அன்று, கண் இருட்டியது, இருபது நொடி. கம்பி ஏற்றிய அன்று, தெரியவில்லை, மாப்பிள்ளை கூப்பிட்டபோது விழித்தேன்.

கண்ணாடிப் பலகை ஏற்றிய அன்று நான் எங்கே நின்றேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பலகைக்கு நேர் கீழே குனிந்து என் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். மேலே மாமா இருக்கிறார் என்கிற தைரியம்.

அவர் பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தார். நான் நோட்டை நீட்டினேன்.

"ஏன் சொல்லல?"

அவர் பஞ்சை இன்னும் அழுத்திக்கொண்டார்.

"நாலு தடவ. என் தலைக்கு மேல. ஏன் சொல்லல மாமா?"

"சொன்னா இறக்கிடுவாங்க."

"செத்திருந்தா?"

"அப்ப சில்லறைன்னு நினைச்சேன் மாப்ள."

அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதினோரு வருஷம் நம்பி நின்றவனுக்கு வேறு என்ன செய்யத் தோன்றும்? மூன்று நாள் ஸ்டோர் பக்கமே போகவில்லை. அக்கா போன் பண்ணினாள், எடுக்கவில்லை. டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று நூறு தடவை கிளம்பினேன். ஒரு தடவை போட்டுக்கொடுத்தாயிற்று. இந்தத் தடவை அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன். வராவிட்டால் அந்தக் கொக்கிக்குக் கீழே இனி நான் நிற்கப் போவதில்லை. அதை மட்டும் முடிவு பண்ணிவிட்டேன்.

முடிவு சொல்லுகிற நாளில் மாமா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பைக் எடு" என்றார். எடுத்தேன்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்து, "ஏழு புள்ளி ரெண்டு! பிரமாதம்" என்றார். எனக்கே ஒரு துள்ளல் வந்தது, அடக்கிக்கொண்டேன். மாமா கண்ணை மூடித் திறந்தார். டாக்டர் அனுமதிப் படிவத்தை இழுத்து, பேனா மூடியைக் கழற்றினார். கட்டங்களை வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தார். எடை, ரத்த அழுத்தம், பார்வை.

"தலை சுத்தல், கண் இருட்டறது ஒண்ணும் இல்லையே?" நிமிராமலேதான் கேட்டார். பேனா 'இல்லை' என்ற கட்டத்தின் மேல் தயாராக நின்றது.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அங்கிருந்து எங்கள் கிரேனின் கை தெரிந்தது, காலிக் கொக்கியோடு திரும்பிக்கொண்டிருந்தது. மாமாவும் அதைத்தான் பார்த்தார். அவர் வலதுகை தொடையின் மேல் ஒரு தடவை அசைந்தது.

"இருந்திச்சு சார்" என்றார். "நாலு தடவ. அன்னிக்குத் தூசி எல்லாம் விழல." நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தை மேசையில் வைத்தார். "இந்த நாலு மாசத்துல ஒண்ணும் இல்ல. ஆனா அப்ப இருந்திச்சு."

டாக்டர் படித்தார். பேனாவை மூடினார். படிவத்தை ஒதுக்கி வைத்தார். இதயம், மூளை, நரம்பு என்று புதிதாக ஒரு பட்டியல் எழுதினார். எல்லாம் பார்த்து முடிய இரண்டு மாதம் ஆகும் என்றார். அதற்கப்புறமும் உறுதி சொல்ல முடியாது என்றார். "அது வரைக்கும் காத்திருக்கணும்."

"சரி சார்" என்றார் மாமா. நோட்டை மூடி எடுத்துக்கொண்டார்.

படியில் இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எனக்கு அதெல்லாம் வராது. "வண்டில ஏறுங்க" என்றேன், ரொம்பக் கத்திவிட்டேன் போல, காவலாளி திரும்பிப் பார்த்தார்.

ஸ்டோரில் ஒரு லாரி டிரைவர் நன்றிக்காக ஒரு பாக்கெட் பிஸ்கட்டை மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார், பிரித்த பாக்கெட். மாமா அதற்கு எதிரில் உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். கையைப் பேன்ட்டில் தேய்த்தார். அப்புறம் நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

வாக்கி-டாக்கியில் புயல் "அண்ணே, எங்க போனீங்க? சுமை கட்டி ரெடியா இருக்கு" என்று அவசரப்பட்டான். "போ மாப்ள, கூப்பிடறான்" என்றார் மாமா, தலை நிமிராமல். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

பகல் 3.10. காத்திருக்கிறேன். ஒன்றும் சாப்பிடவில்லை.